ரத்தப் பரிசோதனை வேண்டாத மாத்திரை: வால்வு சுருக்கமும் சீரற்ற துடிப்பும் உள்ள ஒரு பெண்ணின் நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவில் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணைப் பற்றியது இது. அவருடைய சம்மதத்தோடு எழுதப்படுகிறது. அடையாளம் தெரியாதபடி ஊரும் குடும்பமும் தொடர்பான சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருவது இன்று எல்லா ஊர்களிலும் நடக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த புதிய மாத்திரைகளுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு அது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் ரூமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். எங்களிடம் வரும் அப்படிப்பட்ட நோயாளிகளில் அதிகம் பேர் உழைக்கும் வயதில் உள்ள பெண்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

நோயாளிக்கு வயது 44. விவசாயக் கூலி. எடை 48 கிலோ. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லை. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர். இரண்டாவது கர்ப்பத்தின்போது ஏழாம் மாதத்தில் மூச்சு வாங்கியிருக்கிறது. அப்போதுதான் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ரூமாட்டிக் காய்ச்சல் பல ஆண்டுகள் கழித்து விட்டுச்செல்லும் பாதிப்பு இது. 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். குழந்தை பிறந்த பிறகு கொஞ்ச நாள் போட்டார், அப்புறம் நின்றுவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து நெஞ்சுப் படபடப்போடு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. வால்வு வழி குறுகியதால் இடது மேலறை ஏற்கெனவே பெருத்திருந்தது. மதகு அடைபட்ட வாய்க்காலில் தண்ணீர் தேங்குவது போல ரத்தம் அங்கே தேங்கும். தேங்கும் ரத்தம் உறையும். உறைந்தது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1978-லேயே இதை அளந்து காட்டியது. சாதாரண சீரற்ற துடிப்பு பக்கவாத வாய்ப்பை ஐந்து மடங்குக்கு மேல் கூட்டுகிறது. கூடவே ரூமாட்டிக் வால்வு நோயும் இருந்தால் பதினேழு மடங்கு.

துடிப்பைக் கட்டுப்படுத்த மெட்டோப்ரோலால், ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் கொடுத்தோம். நம் நோயாளிகள் இதை ‘அசிட்ரோம்’ என்ற பிராண்டு பெயரிலேயே அறிவார்கள். வார்ஃபரின் வகையைச் சேர்ந்தது, வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தக் கட்டி உருவாகும், கூடினால் ரத்தம் கசியும்.

பதினான்கு மாத ஐஎன்ஆர் நோட்டு

அடுத்த பதினான்கு மாதங்களில் அவருக்கு 11 முறை ஐஎன்ஆர் பார்க்கப்பட்டது. 2-க்கும் 3-க்கும் இடையில் இருந்தது நான்கே முறை. 1.4, 1.6, 3.9, 1.5, 4.6 என்று ஏறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது, அல்லது குறைக்கப்பட்டது. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்ற கேள்விக்கான பதில் நோட்டில் எங்கும் இல்லை.

பதினான்காவது மாதம் வயிற்றுப்போக்கு வந்து மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் மெட்ரோனிடசோல் இருந்தது. அசெனோகூமரால் உடலில் சிதைவதை அது தடுக்கும். ஐஎன்ஆர் மளமளவென்று ஏறும். நான்காம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை, கையில் நீலத் திட்டுகள். ஐஎன்ஆர் 6.8. மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி, வைட்டமின் கே சிறிய அளவில் வாய்வழி கொடுத்ததும் சரியானது. ஆனால் பயம் போகவில்லை.

மாத்திரை மாறியது

பயம் ஒரு பக்கம், கூலி இன்னொரு பக்கம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பஸ் செலவு பெரிதாக இல்லை. ஆனால் ரத்தம் கொடுக்க ஒரு நாள், சில சமயம் முடிவு வாங்க மறுநாளும் என்று இரண்டு நாள் வேலை போகும். “ஊசி குத்தி ரத்தம் எடுக்கறதுக்கே ரெண்டு நாள் கூலி போயிடுது சார்” என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். எங்கள் சீட்டும் ஐஎன்ஆர் நோட்டும் வீட்டில் இருந்தன. அங்கே ஈசிஜி எடுத்து, துடிப்பு சீரில்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். இதயத்தையும் வால்வுகளையும் ஸ்கேன் செய்யும் எக்கோ எடுக்கவில்லை. வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் துடிக்கும் இதயத்தில் மைட்ரல் சுருக்கத்தின் மெல்லிய உறுமலை ஸ்டெதஸ்கோப்பில் பிடிப்பது எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்சாபான் 20 மி.கி. தினமும் ஒன்று எழுதிக் கொடுத்து, இதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றார்கள். வால்வு சரியாக இருக்கும் ஒருவருக்கு அது நியாயமான சிகிச்சைதான்.

எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ‘வரவில்லை’ என்று மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

நடவு வயலில்

ஏழு மாதம் கழித்து, அக்டோபரில், சம்பா நடவின்போது இடது கையில் பிடித்திருந்த நாற்று முடி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார், விரல்கள் மடங்கவில்லை. பக்கத்தில் நின்றவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வாய் குழறியது. வரப்பில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கப் போனார்கள். அவருடன் நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று தடுத்து 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் மாமனாருக்குப் பக்கவாதம் வந்திருந்ததால் அது தெரிந்திருந்தது.

ஏறக்குறைய இருபது நிமிடத்தில் கை சரியானது. ஆம்புலன்ஸ் வந்தபோது பேச்சும் திரும்பிவிட்டது. சரியாகிவிட்டதே, நாளைக்குப் போகலாம் என்று நினைத்தவரை அந்தப் பெண்தான் வற்புறுத்தி ஏற்றிவிட்டார்.

பரிசோதனையில் கண்டது

மூளை சிடியிலும் எம்ஆர்ஐயிலும் புதிய பாதிப்பு இல்லை. தற்காலிகப் பக்கவாதம் என்று முடிவு செய்தோம். எக்கோவில் மைட்ரல் வால்வின் பரப்பு 1.0 சதுர செ.மீ. வழக்கமாக 4 முதல் 6 வரை இருக்க வேண்டியது, 1.5-க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம். இடது மேலறை 5.4 செ.மீ. அளவுக்குப் பெருத்திருந்தது. மறுநாள் உணவுக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி எடுத்த எக்கோவில் இடது மேலறையின் காதுமடல் போன்ற பையில் 18 மி.மீ. நீள ரத்தக் கட்டி தெரிந்தது. அது பைக்குள்ளேயே இருந்தது. மேலறைக்குள் நீட்டிக்கொண்டு ஆடவில்லை.

சேர்த்த அன்று பார்த்த ஐஎன்ஆர் 1.7. இதில் ஏமாறக்கூடாது. ரிவராக்சாபானும் இந்தப் பரிசோதனையின் எண்ணை ஓரளவு ஏற்றிக் காட்டும். அந்த எண்ணை வைத்து அந்த மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.

மாத்திரையை எப்படிப் போட்டார் என்று கேட்டோம். விடியற்காலை வயலுக்குக் கிளம்பும் முன், வெறும் வயிற்றில், வரக்காப்பியோடு. ரிவராக்சாபான் 20 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும்; வெறும் வயிற்றில் போட்டால் மருந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ரத்தத்தில் சேரும். யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. ஆகவே கட்டி உருவானதற்கு மாத்திரையின் தேர்வு மட்டுமே காரணம் என்று எழுதுவது நேர்மையாகாது.

எந்த மாத்திரை: வார்டில் நடந்த விவாதம்

எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. முதுகலை மாணவர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார்: பதினான்கு மாதம் முயன்றும் ஐஎன்ஆர் நிலைக்காத ஒருவரை மறுபடியும் அதே மாத்திரைக்குக் கொண்டுபோவதில் என்ன பயன்? ரிவராக்சாபானையே சாப்பாட்டோடு போடச் சொன்னால் போதாதா?

இதற்கான பதில் ஆய்வுகளில் இருக்கிறது. புதிய மாத்திரைகளை நிலைநாட்டிய பெரிய ஆய்வுகள் 2009-க்கும் 2013-க்கும் இடையில் வந்தன: டாபிகட்ரானுக்கு ரீ-லை, ரிவராக்சாபானுக்கு ராக்கெட், அபிக்சாபானுக்கு அரிஸ்டாட்டில், எடோக்சாபானுக்கு என்கேஜ். குறிப்பிடத்தக்க மைட்ரல் சுருக்கம் உள்ளவர்களை இவை சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஆக அவற்றின் முடிவு இந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இவரைப் போன்றவர்களுக்கென்றே நடந்தது இன்விக்டஸ் ஆய்வு, 2022-ல் வெளியானது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா நாடுகளில் ரூமாட்டிக் இதய நோயோடு சீரற்ற துடிப்பும் இருந்த ஏறக்குறைய 4,500 பேர். சராசரி வயது ஐம்பதை ஒட்டி. பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். ரிவராக்சாபான்தான் ஜெயிக்கும், குறைந்தபட்சம் சமமாகவாவது நிற்கும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக இருந்தது. நடந்தது வேறு. பக்கவாதம், மாரடைப்பு, மரணம் போன்றவற்றைச் சேர்த்து எண்ணியபோது ரிவராக்சாபான் குழுவில் 560 பேர், வார்ஃபரின் வகைக் குழுவில் 446 பேர். இறந்தவர்களும் வார்ஃபரின் வகைக் குழுவில் குறைவு. கடுமையான ரத்தக்கசிவு அந்தக் குழுவில் குறிப்பிடத்தக்க அளவு கூடிவிடவும் இல்லை.

விவாதத்தை முடித்துவைத்தது அந்த ஆய்வின் இன்னொரு விவரம். அதில் வார்ஃபரின் வகை மாத்திரை போட்டவர்களின் ஐஎன்ஆர் அப்படியொன்றும் அழகாக இருக்கவில்லை. ஆய்வு தொடங்கியபோது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் சரியான அளவில் இருந்தது. போகப்போக அறுபது சதவீதத்தை ஒட்டி வந்தது. அவ்வளவுதான். அந்த அரைகுறைக் கட்டுப்பாட்டிலும் பழைய மாத்திரையே உயிரைக் கூடுதலாகக் காத்தது. மாதாமாதம் மருத்துவமனைக்கு வருவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஐஎன்ஆர் பார்க்க வரும் நோயாளியின் மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் நம் கண்ணில் பட்டுவிடும்.

சீரற்ற துடிப்பு உள்ளவர்களுக்கு வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் முதலியவற்றை வைத்துப் புள்ளி போட்டு மாத்திரை தேவையா என்று பார்ப்பது வழக்கம். இந்தத் தற்காலிகப் பக்கவாதம் வருவதற்கு முன் அந்தக் கணக்கில் இவருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு புள்ளி, பெண் என்பதற்காக. அதை மட்டும் பார்த்திருந்தால் ரத்த உறைவுத் தடுப்பே தேவையில்லை என்று அப்போது அனுப்பியிருக்கலாம். நடுத்தர, கடுமையான மைட்ரல் சுருக்கத்துக்கு அந்தப் புள்ளிக் கணக்கு கிடையாது. சீரற்ற துடிப்பு இருந்தால் வார்ஃபரின் வகை மாத்திரை கட்டாயம்.

சரி, அசெனோகூமராலுக்கே திரும்புவது என்று முடிவானது. அது வேலை செய்ய நாளாகும் என்பதால், அதுவரை ரத்தம் உறையாமல் தடுக்க இனாக்சாபரின் ஊசியும் சேர்த்தோம். சேர்த்த அன்று காலை ரிவராக்சாபான் போட்டிருந்ததால் அடுத்த வேளை வரவேண்டிய நேரத்தில், அதாவது மறுநாள் காலை, ஊசி தொடங்கியது. எடைக்கேற்ற அளவில் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐஎன்ஆர் தொடர்ந்து இரண்டு நாள் 2-ஐத் தாண்டும் வரை.

கட்டி இருக்கும்போது வால்வை என்ன செய்வது

வால்வைப் பலூன் மூலம் விரிக்கலாம். தொடையிலுள்ள ரத்தநாளம் (சிரை) வழியாகக் குழாயைச் செலுத்தி, மேலறைகளின் நடுச்சுவரைத் துளைத்து, சுருங்கிய வால்வில் பலூனை ஊதுவது. ஜப்பானின் கஞ்சி இனோவே 1984-ல் வெளியிட்ட முறை இது. இவருடைய வால்வின் தடிப்பும் சுண்ணாம்புப் படிவும் குறைவு. வால்வின் பாதிப்புக்கு எக்கோவை வைத்துப் புள்ளி போடும் வில்கின்ஸ் அளவில் 16-க்கு 7. 8 வரை இருந்தால் பலூனுக்கு ஏற்ற வால்வு.

ஆனால் மேலறையில் கட்டி இருக்கும்போது உள்ளே குழாயை ஓட்டினால் அதுவே கட்டியைத் தள்ளிவிடலாம். இன்னொரு வழி திறந்த இதய அறுவை சிகிச்சை. கட்டியை எடுத்துவிட்டு வால்வையும் சரி செய்யலாம், அல்லது செயற்கை வால்வு வைக்கலாம். கட்டி பெரிதாகி மேலறைக்குள் ஆடிக்கொண்டிருந்தால் அதற்குத்தான் போயிருப்போம். இவருக்குப் பையோடு ஒட்டி நின்றது, மூச்சுத்திணறலும் மருந்தில் அடங்கியது. 44 வயதில் உலோக வால்வு வேண்டாம் என்றும் எண்ணினோம். அதற்கு இன்னும் உயர்ந்த ஐஎன்ஆர் தேவைப்படும், தவறினால் வால்வே அடைத்துக்கொள்ளும். மூன்று மாதம் ஐஎன்ஆரை நிலைநிறுத்திவிட்டு மறுபடியும் உணவுக்குழாய் எக்கோ எடுப்பது என்று தீர்மானித்தோம்.

பழைய நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மதியம்

எல்லாம் ஐஎன்ஆர் நிலைப்பதில்தான் இருந்தது. வார்டு செவிலியர் ஒருவர், பிளஸ் டூ படிக்கும் மகளை வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். மஞ்சள் பையில் வந்தன. அசெனோகூமரால் மட்டுமே மூன்று விதம்: 1, 2, 4 மி.கி. சீட்டில் 2 மி.கி. என்று இருந்தபோது கடையில் இருப்பு இல்லாமல் 4 மி.கி. கொடுத்து “பாதி போட்டுக்கங்க” என்றிருக்கிறார்கள். சில நாள் பாதி, சில நாள் முழுசு. அடுத்த முறை அளவு மாறியபோது எந்த அட்டையில் எத்தனை என்று அவருக்கே குழப்பம்.

“கீரை சாப்பிடக்கூடாதுன்னு சொன்னாங்க சார். அஞ்சாறு மாசம் தொடவே இல்ல. அப்புறம் வீட்டு முருங்கை நல்லாத் தழைச்சிச்சு, வேற காய் வாங்க வழியில்ல, வாரம் பூரா அதான்.” அந்த வாரங்களில்தான் ஐஎன்ஆர் 1.5. கீரையில் வைட்டமின் கே நிறைய உண்டு. ஆனால் அதற்காகக் கீரையை நிறுத்தத் தேவையில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் மாத்திரையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். ஏழை வீட்டில் கீரையைத் தடை செய்வது இரும்புச்சத்தையும் சேர்த்துத் தடை செய்வதுதான்.

அடுத்த மூன்று மாதங்கள்

1 மி.கி. மாத்திரை மட்டும்; மற்ற அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டோம். திங்கள் முதல் சனி வரை இரவு இரண்டு, ஞாயிறு ஒன்று. டிவியில் எட்டு மணிச் செய்தி ஆரம்பிக்கும்போது மகள் எடுத்துக் கொடுப்பார். வாரம் இரண்டு நாள் கீரை. மெடிக்கல் ஷாப்பில் எந்த மாத்திரை வாங்கினாலும் அட்டையைப் போட்டோ எடுத்து எங்கள் வார்டு எண்ணுக்கு அனுப்ப வேண்டும். வலிக்கு பாராசிட்டமால் மட்டும்.

பரிசோதனைக்குக் காலை எட்டு மணிக்கு ரத்தம், பதினோரு மணிக்குள் முடிவு என்று லேபில் பேசி வைத்தோம். எதிர்பார்த்ததைவிட இதற்கு லேப் ஊழியர்களிடம் நல்ல ஒத்துழைப்பு கிடைத்தது. முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பொங்கல் வாரம் மட்டும் தவறியது. ஒன்பது அளவீடுகளில் ஏழு 2-க்கும் 3-க்கும் இடையில். மற்ற இரண்டு 1.8, 3.3. பென்சிலின் ஊசியையும் மறுபடி தொடங்கினோம்.

பலூன் சிகிச்சையும் அதன் பிறகும்

ஜனவரி கடைசியில் எடுத்த உணவுக்குழாய் எக்கோவில் கட்டி இல்லை. பிப்ரவரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பலூன் சிகிச்சை நடந்தது. வால்வின் பரப்பு 1.0-லிருந்து 1.8 சதுர செ.மீ. ஆனது, கசிவு லேசாக மட்டும். மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

வால்வு விரிந்துவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா என்று மகள் கேட்டார். நிறுத்த முடியாது. துடிப்பு இன்னும் சீராகவில்லை, மேலறை இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது, வால்வும் முழுதாகச் சரியாகிவிடவில்லை. அசெனோகூமரால் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும் என்று இருவரிடமும் தெளிவாகச் சொன்னோம்.

பதினெட்டு மாதமாக மாதம் ஒருமுறை வருகிறார். பக்கவாதம் மறுபடி வரவில்லை, பெரிய ரத்தக்கசிவும் இல்லை. ஒருமுறை காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் ஐஎன்ஆர் 4.1 ஆனது, ஒரு வேளை மாத்திரையைத் தவிர்த்து மூன்று நாளில் மறுபடி பார்த்ததில் 2.8. நடவுக்குப் போகிறார், மூச்சு வாங்கவில்லை.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

அந்தத் தனியார் கிளினிக் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினோம். பொறுமையாகக் கேட்டார், சீரற்ற துடிப்பு உள்ள 60 வயதுக்குக் குறைந்தவர்களை எக்கோ எடுக்காமல் புதிய மாத்திரையில் தொடங்குவதில்லை என்று பின்னர் எங்களிடம் சொன்னார். வயது வரம்பே தேவையில்லை, எல்லோருக்கும் எடுக்கலாம் என்பது என் கருத்து. நம் ஊரில் ரூமாட்டிக் நோய் இன்னும் போய்விடவில்லை.

எங்கள் பக்கத்தில் ஐஎன்ஆர் நோட்டின் அட்டையிலேயே இப்போது பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம்: “இவருக்கு மைட்ரல் வால்வு சுருக்கம் உள்ளது. வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மட்டும். மாற்றும் முன் அழைக்கவும்.” கீழே வார்டு எண். உள்ளே ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். தவறிய வேளை, புதிய மருந்து, காய்ச்சல், உணவு மாற்றம் எதுவானாலும் அதில் எழுத வேண்டும். அதைக் கேட்டு எழுதாமல் அளவை மாற்றக்கூடாது.

வராமல் போனவர்களைத் தேடுவதுதான் இன்னும் சரியாகவில்லை. ஏழு மாதம் ‘வரவில்லை’ என்று எழுதிய நேரத்தில் ஒரு போன் செய்திருந்தால் அந்த ரிவராக்சாபான் அட்டையைப் பற்றி அப்போதே தெரிந்திருக்கும். ஆறு வாரம் வராதவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்து அழைக்கும் வேலையை ஒரு செவிலியரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவருக்கு மற்ற வார்டு வேலைகளும் இருப்பதால் சில மாதங்கள் விட்டுப்போகிறது. இதற்கென்றே தனியாக ஒருவர் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். கூடவே, ஐஎன்ஆர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் கேட்டிருக்கிறோம். அது நடந்தால் இந்தப் பெண்ணுக்கு மாதம் ஒரு நாள் கூலி மிச்சமாகும்.